தீண்டும் எந்திரம்

நாளாக நாளாக முற்றிக்கொண்டே போகிற நரம்பு நோய் வந்தவர்கள், தங்களுக்கு உதவி செய்ய வரும் ரோபோவை ஏற்றுக்கொள்கிறார்களா, மாட்டார்களா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதைத் தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த இயக்க நரம்பணு நோய் என்று பட்டியல் போட்டு, அந்த நோய் வந்தவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுக்கிறார்கள். எந்திரக் கை உங்களுக்கு ஊட்டினால் பயமா, கூச்சமா, நம்பிக்கையா, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள் என்கிறார்கள். வந்ததைக் கூட்டிக் கழித்து 'ஏற்பு' இவ்வளவு என்று எழுதுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியிருக்கிற காலனிகளில் இந்தப் பேச்சை எடுத்தால் நம்ம தோழர்களே சிரிக்கிறாங்க. "சோத்துக்கே வழியக் காணோம், இதுல ரோபோ கேக்குதா?" என்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் இந்தக் கேள்வியை மேல்தட்டுக்காரர்களிடமும் மருத்துவப் பேராசிரியர்களிடமும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. இது எந்திரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. ஒரு உடம்பை எந்தக் கை தொடுவது, எந்தக் கை கழுவுவது, அந்தக் கைக்கு என்ன கூலி என்பதைப் பற்றியது. தொடுவதையும் தொடாமல் விடுவதையும் பற்றி இந்த நாட்டில் நம்மைவிட அதிகம் தெரிந்தவன் எவன் இருக்கிறான்?

என் பெரியப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்தாறு வருசம் ஒப்பந்தக் கூலி. பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கு நடுவிலிருந்து பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும். இடுக்கியால் அதன் தலையைக் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். ஒரு நொடி தவறினால் தொடையோடு போகும். 2016-ல் அவருக்கு இடுக்கி அடிக்கடி நழுவ ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மேஸ்திரி, குடிச்சிட்டு வர்றான்னு சொல்லிக் கணக்கை முடித்து அனுப்பினான். பெரியப்பா குடிக்கிறவரே இல்லை. ஆனால் சேரிக்காரன் கை நடுங்கினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தானே அவர்களுக்குத் தெரியும்! ஒரு தனியார் மருத்துவமனை எட்டு மாசம் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் பணத்தைக் கறந்தது. கடைசியில் சென்னை ஜி.எச்.சில்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். இயக்க நரம்பணு நோய். கைகால் தசைகள், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என ஒவ்வொன்றாகப் போகும். குணப்படுத்த மருந்து இல்லை. பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து ஐந்து வருசம். அறிவு மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தன் உடம்பு தன்னை விட்டுப் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சோறு ஊட்டியது என் அக்கா, அவருடைய மூத்த பெண். அதற்காக அவள் கம்பெனி வேலையை விட்டாள். அப்போது ஒரு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் படிப்புக்கான புராஜெக்ட் என்று ஊட்டும் எந்திரம் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். கிண்ணத்திலிருந்து கரண்டியால் அள்ளி வாய்க்குக் கொண்டுவரும் சின்னக் கை. நல்ல பிள்ளைகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் பரீட்சை பார்த்ததெல்லாம் கார்ன்ஃபிளேக்ஸில். இட்லித் துண்டை எடுத்தது. கொழம்புச் சோறு பிசைய அதற்குத் தெரியவில்லை.

பெரியப்பா மிரண்டுவிடுவார் என்று எதிர்பார்த்துப் படிவத்தோடு நின்றார்கள். அவர் சொன்னது இது: "இருவத்தாறு வருசம் மிஷினுக்கு நான் கையா இருந்தேன். இப்போ மிஷின் எனக்குக் கையா இருக்கட்டுமே. அதுக்கு இன்னாத்துக்குக் கூச்சம்?" அந்த இட்லி தீருகிற வரைக்கும் என் அக்கா வாசப்படியில் போய்க் குந்தினாள். சாப்பாட்டு வேளையில் அவள் வெளியே உட்கார்ந்து நான் பார்த்தது பல மாசத்தில் அதுதான் முதல் முறை. படிவத்தில் அவளுக்கு ஒரு கட்டமும் இல்லை.

இரண்டு மாசத்தில் பெரியப்பாவுக்குக் கழுத்து நிற்கவில்லை. எந்திரம் கரண்டியைக் கொண்டுவரும் இடத்தில் வாய் இல்லை. சரிசெய்து தரச் சொல்லலாம் என்றால் பிள்ளைகள் புராஜெக்டை ஒப்படைத்துவிட்டு வளாகத் தேர்வில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்திரம் பரண் ஏறியது.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'கைவிடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் பிலிப்ஸ், ஷாவ் என்ற இருவர் 227 பேரிடம் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உதவிக் கருவிகளில் 29.3 விழுக்காடு முழுசாகக் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் இரண்டு நமக்கு முக்கியம். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துகிறவனைக் கேட்கவில்லை என்பது ஒன்று. அவன் தேவை மாறிப்போனது இன்னொன்று. முற்றும் நோயில் தேவை மாறாமல் என்ன செய்யும்? இன்றைக்குக் கைக்கு ஒரு கருவி, ஆறு மாசத்தில் கழுத்துக்கு, அப்புறம் பேச்சுக்கு, அப்புறம் மூச்சுக்கு. ஆகவே ஒரு கருவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் உதவி அல்ல. கூடவே வரும் ஒரு ஆள் வேண்டும், ஒரு பட்டறை வேண்டும். நோயாளி ஏற்றுக்கொண்டாரா என்று கேட்கிறவர்கள், நோய் மாறும்போது எந்திரமும் அதோடு மாறிக்கொண்டு வந்ததா என்று ஏன் கேட்பதில்லை?

பெரியப்பா இன்னொன்றும் கேட்டார். பேச்சு குழறத் தொடங்கிய காலம். "சோறு எம் பொண்ணு ஊட்டட்டும், அது நல்லாத்தான் கீது. பின்னாடி கழுவுறதுக்கு ஒரு மிஷின் கொண்டாங்கடா." எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெற்ற மகள் முன் உடுப்பை அவிழ்க்க வேண்டியிருந்ததுதான் நோயைவிட அவரைத் தின்றது. ஊட்டும் கை படம் பிடிக்க அழகாக இருக்கிறது. கழுவும் கையை யார் படம் பிடிப்பார்கள்? உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் கழிப்பறை 1980-லேயே ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது. எங்கள் காலனியில் அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையவே நுழையாது. ரோபோ எங்கே நுழையும்?

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர்கள் சிலர் 'மனிதத் தொடுகை' என்று ஒரு வாதத்தை வைக்கிறார்கள். நோயாளிக்குத் தேவை மனிதக் கையின் வெதுவெதுப்பு, எந்திரம் உறவைக் கொன்றுவிடும் என்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நான் கேட்கிறேன், எந்த மனிதக் கை? சென்னையில் வசதியான வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களுக்கு ஏற்கனவே ரோபோ இருக்கிறது. அதற்குப் பெயர் ஆயாம்மா. எங்கள் தெருவிலிருந்து மட்டும் நாலு பெண்கள் விடிகாலை மின்சார ரயில் பிடித்து அந்த வேலைக்குப் போகிறார்கள். தூக்குகிறார்கள், புரட்டுகிறார்கள், மலம் அள்ளுகிறார்கள், படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைக்கிறார்கள். அதே வீட்டில் அவர்களுக்குத் தனித் தம்ளர். பன்னிரண்டு மணி நேரம் ஒரு உடம்பை முழுசாகத் தொட்டுத் தூக்குகிற கை, அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. இதுதான் நீங்கள் காப்பாற்றச் சொல்கிற மனிதத் தொடுகை என்றால், இதை எந்திரம் கொன்றுவிட்டுப் போகட்டுமே!

அந்த வீடுகளில் ரோபோவை ஏற்பார்களா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கும் எந்திரத்தைவிட மாசச் சம்பளத்துக்கு வரும் நம்ம பெண்ணின் இடுப்பு மலிவு. அதை 'மனிதத் தொடுகையில் நம்பிக்கை' என்று படிவம் பதிவு செய்துகொள்ளும். நம்ம உழைப்பு எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு எந்திரத்தின் 'ஏற்பு' குறையும். நான் சொல்ல வந்த கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசா? கழிவுநீர்க் குழியில் பார்த்ததுதானே. இளைஞர்கள் சிலர் ஆரம்பித்த திருவனந்தபுரத்து ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் 2018-ல் பாண்டிகூட் என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. மனிதன் இறங்காமல் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி அள்ளும் எந்திரம். கும்பகோணம் உட்படத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2013-லேயே மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தாயிற்று. 2014-ல் உச்சநீதிமன்றம் சாவுக்குப் பத்து லட்சம் என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சம் என்றது. சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசுக் கணக்கிலேயே 1993 முதல் இப்படி இறந்தவர்கள் தமிழ்நாட்டில்தான் அதிகம். நம்ம பக்கத்திலேயே, 2023 மே மாதம் மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளிகள் பிணமாக வந்தார்கள். ரோபோவை ஏற்க மறுத்தது அவர்களா? சில நூறு ரூபாய்க்கு ஒரு உயிர் இறங்கும்போது எந்த ஒப்பந்தக்காரன் எந்திரத்துக்குச் செலவு செய்வான்?

கவனியுங்கள், அதே ஜென்ரோபோடிக்ஸ்தான் ஜி-கெய்ட்டர் என்று இன்னொரு ரோபோவும் செய்திருக்கிறது. பக்கவாதம், தண்டுவடக் காயம், நடுக்குவாதம் வந்தவர்களைத் தாங்கிப் பிடித்து நடை பழக்கும் எந்திரம். திருவனந்தபுரம் அரசுப் பொது மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். சாக்கடைக்கு ஒன்று, நோயாளியின் காலுக்கு ஒன்று. ஒரே பட்டறையிலிருந்து வரும் இந்த இரண்டும் நம்ம பிரச்சினைகள்தான். முதல் எந்திரம் நம்ம ஆளைக் குழியிலிருந்து மேலே ஏற்றணும், ரெண்டாவது நம்ம ஆளைப் பாயிலிருந்து எழுப்பணும். ரெண்டும் எங்கோ ஒரு கொட்டகையில் துணி போர்த்தி நின்றால் நமக்கென்ன லாபம்?

எந்திரம் என்றாலே நம்ம இயக்கங்களில் சிலருக்கு ஒவ்வாமை. அண்ணல் அம்பேத்கருக்கு அது இருந்ததில்லை. காந்தியின் எந்திர எதிர்ப்பை 1945-ல் வெளியான தம் நூலில் அவர் நார்நாராகக் கிழித்தார். மனிதன் மிருகம் போல் உழைத்துச் சாகாமல் ஓய்வு பெற்றுப் பண்பட்ட வாழ்க்கை வாழ எந்திரம் வேண்டும், குற்றம் எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் கையில் மட்டும் சேர்க்கிற சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. கடைசிக் காலத்தில் நீரிழிவும் நரம்பு வலியும் கால்களைத் தாக்கி, கைத்தடியையும் உதவியாளர் தோளையும் பிடித்துக்கொண்டுதான் 1956-ல் நாகபுரி மேடையில் அவர் நின்றார். முடங்கிவரும் உடம்பின் அரசியலை நாம் வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் எந்திரத்தை வரவேற்பது என்பது எந்திரம் வரும் எல்லா வழியையும் வரவேற்பது ஆகாது. தேர்வாய் கண்டிகையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தலித்துகள் வாழும் அந்த ஊரின் மேய்ச்சல் காட்டை, ஆயிரம் ஏக்கருக்கும் மேலே, சிப்காட்டுக்கு எடுத்தார்கள். மிஷ்லின் டயர்த் தொழிற்சாலை வந்தது. மக்கள் போராடினார்கள், சிறைக்குப் போனார்கள், 2012-ல் பிரான்சு வரைக்கும் புகார் போனது. அப்போது எவனாவது ஐந்து மதிப்பெண் படிவத்தை எடுத்துக்கொண்டு, எந்திரத்தை ஏற்கிறீர்களா என்று அந்த ஊருக்கு வந்தானா?

நோயும் ஆலையும் தனித்தனி என்றும் நினைக்க வேண்டாம். மாங்கனீசுத் தூளை அரைத்த தொழிலாளிகளுக்கு நடை தடுமாறிக் கைகால் விறைத்ததை 1837-லேயே கிளாஸ்கோவில் ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். நடுக்குவாதத்தைப் போலவே தோன்றும் நோய் அது. உருக்கிலும் வெல்டிங் புகையிலும் மாங்கனீசு உண்டு. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே மாங்கனீசு நச்சு, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது. பெரியப்பாவுக்கு வந்தது வேறு நோய், அதற்கு மில்லைக் காரணம் காட்டுவதற்கில்லை. ஆனால் சிப்காட் தொழிலாளி ஒருவன் கைநடுக்கத்தோடு வந்தால் 'குடிப்பியா?' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்த ஆலை, எத்தனை வருசம்?' என்று மருத்துவர் கேட்க வேண்டும். காரணமானவன் கண்டுபிடிக்கப்பட்டால் கருவிக்கான காசையும் அவனிடமே வாங்கலாம்.

காசு யார் கொடுப்பது என்பதற்கு உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானில் காலில் மாட்டிக்கொள்ளும் ஹால் என்ற ரோபோவை, மெதுவாக முற்றும் எட்டு வகை நரம்பு, தசை நோய்களுக்கான சிகிச்சைக் கருவியாக 2015-ல் அரசு அங்கீகரித்தது. இயக்க நரம்பணு நோயும் தசைச்சிதைவும் அந்த எட்டில் உண்டு. 2016-லிருந்து பொதுக் காப்பீட்டிலேயே அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. அதற்காக ஜப்பானைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். அங்கே முதியோர் இல்லத்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் ரைட் 2023-ல் எழுதிய புத்தகத்தில், ஆளைத் தூக்கும் ரோபோவும் கொஞ்சும் ரோபோவும் பராமரிக்கும் பெண்களின் வேலையைக் குறைக்கவில்லை, எந்திரத்தைப் பராமரிக்கும் வேலையையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டின என்று காட்டுகிறார். படிவத்தில் என் அக்காவுக்குக் கட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இங்கே என்ன இருக்கிறது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்களை ஊனப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1,500-லிருந்து 2,000 ரூபாய் ஆனது. தசைச்சிதைவு வந்தவர்களுக்குப் பேட்டரி நாற்காலி தரும் திட்டம் உண்டு. உலக வங்கிக் கடனில் 'விழுதுகள்' என்ற சேவை மையங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து கைக்குப் பயிற்சி கொடுக்கும் புளூட்டோ என்ற சின்ன ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. ஆக, தமிழ்நாட்டில் மூளைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறு இடத்தில். மாவட்ட அலுவலகம் திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் போகணும்னா சென்னைக்குப் போய் வேறு பாதை ரயில் மாறணும். கழுத்து நிற்காத ஒரு மனுசனை எத்தனை முறை அப்படித் தூக்கிக்கொண்டு போவது? சான்றிதழில் ஒரு நாள் அளந்து போட்ட விழுக்காடு இருக்கும். நோய் அந்த விழுக்காட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். முற்றும் நோய்க்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வந்து அளக்க வேண்டும், அளந்த கையோடு கருவியை மாற்றித் தர வேண்டும். கும்மிடிப்பூண்டியிலேயே அதற்கொரு பட்டறை வேண்டும். இங்கே ஐ.டி.ஐ. முடித்த நம்ம பையன்களுக்கு ரோபோவைக் கழற்றி மாட்டத் தெரியும். கம்பெனிக்குள் அதைத்தானே செய்கிறார்கள்! பராமரிக்கும் பெண்ணுக்கு, அவள் மகளாக இருந்தாலும் மருமகளாக இருந்தாலும், கூலி வேண்டும்.

என் பெரியப்பா 2020-ல் இறந்தார். அக்கா திரும்ப வேலைக்குப் போனபோது கம்பெனியில் அவள் வயசுக்கு வேலை இல்லை என்றார்கள். இப்போது அவள் சென்னையில் ஆயாம்மாவாக இருக்கிறாள். அந்த வீட்டுப் பெரியவருக்கு நடுக்குவாதம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி காலனிகளில் வீடு வீடாகப் போக வேண்டும். அவர்கள் படிவம் வேண்டாம், நம்ம படிவம் போதும். இந்த வீட்டில் கைகால் விழுந்துகொண்டே வருகிறவர் உண்டா? எந்த ஆலையில், எந்த வயலில், எத்தனை வருசம்? யார் ஊட்டுறாங்க, யார் கழுவுறாங்க? அதுக்காக யார் வேலையை, படிப்பை விட்டாங்க? எந்த வேலைக்கு மிஷின் வந்தா தேவலாம், எதுக்கு வேணவே வேணாம்? இதை நோயாளியிடம் தனியாகவும் பராமரிக்கிற பெண்ணிடம் தனியாகவும் கேளுங்கள். பேச்சு போனவரிடம் கண்ணசைவில் கேளுங்கள், அவசரப்படாதீர்கள். கரண்டு எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு குறிச்சுக்குங்க. தெருவிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்பதையும் எழுத வேண்டும். ஆளுக்கொரு இஞ்சு டேப் கையில் இருக்கட்டும்.